உப்பங்கழியில் வீசிய தரைக்கம்பி

சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில் நான் இறங்கியதும் தயாளன் என் பெட்டியைக் கண்டுகொள்ளவே இல்லை. தோளில் மாட்டியிருந்த கம்பிச் சுருளைத்தான் முதலில் வாங்கிக்கொண்டார்.

“அண்ணன் சொன்ன அதே கம்பிதானாக்கா?”

“அதேதான். நானே அளந்து வெட்டினது.”

அதற்குப் பிறகுதான் பயணம் சவுகரியமாக இருந்ததா என்று கேட்டார். மலேசியாவில், ஈப்போவிலிருந்து என் அண்ணன் போனில் கூப்பிட்டபோதும் இதே வரிசைதான். முதலில் கம்பி, அப்புறம் நான். ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்க்காமலே இரண்டு பேர் இவ்வளவு ஒன்றாகிப் போக முடியுமா என்று அந்த வெயிலில் நின்று ஆச்சரியப்பட்டேன்.

அண்ணனும் தயாளனும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள். அரசாங்கத்திடம் உரிமம் வாங்கி, வீட்டிலேயே ஒரு சின்ன நிலையம் வைத்து, மோர்ஸ் சாவியைப் புள்ளியும் கோடுமாகத் தட்டிக் கடல் தாண்டிப் பேசுகிறவர்கள். பதினைந்து வருடமாகப் பேசுகிறார்கள். எண்பது மீட்டர் அலையிலிருந்து ஆறு மீட்டர் அலை வரை ஒன்பது அலைவரிசைகளில் பேசி முடித்துவிட்டார்கள். மிச்சம் ஒன்றே ஒன்று: நூற்றறுபது மீட்டர். அது கிடைத்தால் பத்தும் நிறையும்.

இதில் அவசரம் எங்கே வந்தது என்றால், அண்ணன் தன் ஈப்போ வீட்டை விற்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வீட்டை ஒப்படைத்துவிட்டு கோலாலம்பூரில் மகளோடு இருக்கப் போகிறார். பதினெட்டாவது மாடி. சன்னலுக்கு வெளியே துண்டுகூடக் காயப்போட விடமாட்டார்கள், கம்பிக்கு எங்கே போவது. ஆகவே சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பேசினால் உண்டு. இல்லாவிட்டால் ஒன்பதோடு சரி.

எனக்குச் சென்னையில் ஒரு கல்யாணம் இருந்தது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருக்கும் வேலை. “அப்படியே தயாளனுக்கு ஒரு ஆண்டெனா தேர்ந்தெடுத்துக் குடுத்துட்டு வந்துரு பாப்பா” என்று அண்ணன் சொன்னார். ஐம்பத்தெட்டு வயதிலும் நான் அவருக்குப் பாப்பாதான். எங்கள் வீட்டில் சாவி தட்டுவது அவர், மரம் ஏறிக் கம்பி கட்டுவது நான். தொலைத்தொடர்பு வேலையில் முப்பது வருடம் கோபுரம் ஏறியவள். கம்பி விஷயத்தில் என்னிடம் யாரும் எதிர்த்துப் பேசக் கூடாது. பேசினால் எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பயணத்தில் அந்தப் பெருமைதான் அடிவாங்கியது.

புதன்கிழமை. தயாளனின் வீடு மூன்றாவது மாடி. பக்கத்துத் தொழிற்பேட்டையில் மின்பராமரிப்பு வேலை பார்க்கிறார். எனக்காக நான்கு நாள் விடுப்பு போட்டிருந்தார். அவர் மனைவி எஸ்தர், பள்ளியில் எழுத்தர். இட்லியும் வடகறியும் வைத்தார். கடலைப்பருப்பு வடையை உதிர்த்துப் போட்டுச் செய்கிற அந்தக் குழம்பு எங்கள் ஈப்போ கடைகளில் கிடையாது. நான்கு இட்லியோடு நிறுத்தலாம் என்றிருந்தவள் ஏழு சாப்பிட்டேன்.

சாப்பிட்டதும் தயாளன் என்னை மொட்டை மாடிக்கு அழைத்துப் போய் அவருடைய ஆண்டெனாவைக் காட்டினார். ஏசி போடுகிறவர்கள் பயன்படுத்தும் செம்புக் குழாயை வளைத்து, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு வளையம் செய்திருந்தார். மூட்டுகளில் பற்றவைப்பு அவ்வளவு சுத்தம். எனக்கே பொறாமையாக இருந்தது.

“துணி காயப் போட எடமில்ல, இதுக்கு மட்டும் எடம் கீது” என்று பின்னால் வந்த எஸ்தர் சொன்னார். “நீங்களாவது சொல்லுங்கக்கா. உங்க அண்ணன்கூட தெனம் போன்ல பேசினுதான கீறாரு. அப்பால இது இன்னாத்துக்கு?”

நியாயமான கேள்விதான். மலைக்கு ரோடு போட்ட பிறகும் நடந்து ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள் இல்லையா என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். எஸ்தர் சமாதானம் ஆகவில்லை.

சூரியன் மறையும் நேரத்தில் வளையத்தை இணைத்துப் பார்த்தோம். இந்த நீள அலை பகலில் எங்கும் போகாது. இருட்ட ஆரம்பிக்கும்போதுதான் அடியெடுத்து வைக்கும், அதிலும் அந்தி விழுகிற அரைமணி நேரம் கொஞ்சம் தாராளமாக இருக்கும். இங்கே ஆறு மணி என்றால் ஈப்போவில் எட்டரை, நல்ல இருட்டு. ஆனால் ஒலிபெருக்கியைத் திறந்தால் மிக்ஸி ஓடுகிற சத்தம். அத்தனை வீட்டு இன்வெர்ட்டர், அத்தனை வீட்டு எல்.இ.டி. விளக்கு, லிஃப்ட், எல்லாம் அதில் இருந்தன. நூறு வாட் கொடுத்தால் அந்தச் சின்ன வளையம் முக்கால்வாசிக்கு மேல் சூடாக்கித் தீர்த்துவிடும். தயாளன் அரைமணி நேரம் தட்டினார். அண்ணனிடமிருந்து தொலைபேசியில் ஒரே வரி வந்தது: ஒன்றும் கேட்கவில்லை.

சோதனை முடிந்தபின் தொலைபேசியில் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் பேச்சு நடக்கும்போது போனைத் தொடக் கூடாது. அது அவர்கள் இரண்டு பேருக்கும் உள்ள ஒப்பந்தம். நிலையத்தின் பெயரும் சத்தத்தின் அளவும் இரண்டு பக்கமும் காற்றிலேயே போய்ச் சேர வேண்டும்.

அன்று ராச்சாப்பாட்டில் எந்த ஆண்டெனா என்பதுதான் பேச்சு. அண்ணனுக்குப் பட்டம் விட ஆசை. நூற்றறுபது மீட்டரில் கால் பங்கு, நாற்பது மீட்டர் கம்பியைக் கடற்காற்றில் ஒரு பெரிய பட்டத்தில் கட்டிச் செங்குத்தாகத் தூக்கிவிட வேண்டுமாம். தயாளனுக்கு அவருடைய வளையம், வேறு இடத்தில் வைத்தால் போதும் என்று. எனக்கு இரண்டும் பிடிக்கவில்லை. பதினைந்து மீட்டர் மேலே போய், மீதி இருபத்தைந்து மீட்டர் படுக்கையாகப் போகும் கம்பி, கவிழ்த்துப் போட்ட ‘ட’ மாதிரி. அதன் காலடியில் தரையில் கதிர்கதிராகப் பரப்பிய தரைக்கம்பிகள். கடற்கரையில் போட்டால் உப்புத்தரை, அதைவிட நல்ல தரை உலகத்தில் இல்லை. இதைச் சொல்லிவிட்டு மீன் வறுவலில் கடைசித் துண்டையும் நானே எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை. செங்கல்பட்டில் ஷேர் ஆட்டோ பிடித்தோம். ஏழு பேர், ஒரு கீரைக்கூடை, ஒரு தையல் மிஷின், நாங்கள், எங்கள் கம்பி. திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு வேகத்தடையில் ஆட்டோ குதித்தபோது தரைக்கம்பிச் சுருள் என் மடியிலிருந்து நழுவி ரோட்டில் விழுந்து, ஓடி, அவிழ்ந்துகொண்டே போனது. ஒரு முனை என் கையில், மறுமுனை எங்கோ. டிரைவர் நிறுத்தவே முப்பது மீட்டர் ஆகிவிட்டது. பின்னால் பைக்கில் வந்தவர் ஒருவர் இறங்கி, முனையைத் தேடி எடுத்து, சுற்றிக்கொண்டே நடந்து வந்து என்னிடம் நீட்டினார்.

“இந்தாம்மா, உங்க கவுறு” என்றார். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் ஊரில் நான்கு பேர் படம் எடுத்திருப்பார்கள்.

முதலில் சதுரங்கப்பட்டினம் போனோம். டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை, நல்ல தடித்த மதில், அதற்கப்பால் கடல். மதில்மேல் ஒரு கொம்பை நட்டால் எவ்வளவு உயரம் வரும் என்று என் கண் தானாகவே அளந்தது. தயாளன் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கோட்டை பாதுகாக்கப்பட்ட இடம், பக்கத்தில் அணுமின் நிலையம்.

“இங்க கம்பி இழுத்தா, நம்மள ஜீப்புல இட்டுகினு பூடுவாங்கக்கா. சாயங்காலம் அண்ணனுக்கு ஸ்டேஷன்லேர்ந்து பேச வேண்டியதுதான். அது வேற ஸ்டேஷன்.”

மாமல்லபுரத்தில் பட்டத்தின் கதை முடிந்தது. கடற்கரை முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அத்தனை தலைக்கு மேல் மின்சாரம் ஓடும் கம்பியைப் பட்டத்தில் கட்டிப் பறக்கவிடுவது என்றால், சுருக்கமாகச் சொன்னால், நான் ஜாமீன் நிற்க மாட்டேன். அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன். ஒரு முகம் சுளித்த பொம்மையைப் பதிலுக்கு அனுப்பினார்.

மாமல்லபுரத்துக்கும் நெம்மேலிக்கும் நடுவே ஒரு சின்ன மீனவர் குப்பம். அங்கே ஏழுமலை என்ற படகுக்காரரைத் தயாளனுக்குத் தெரியும். அவருடைய படகு வயர்லெஸ் கெட்டபோது தயாளன்தான் சரிசெய்து கொடுத்தாராம். சென்னைக்குக் குடிநீர் கொடுக்கும் ஆலை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்துத் தள்ளுகிறார்கள். எங்களுக்கோ அந்த உப்புதான் வேண்டும்.

ஏழுமலைக்கு நாற்பது வயது இருக்கும். பேசும்போது நம்மைப் பார்க்காமல் கடலைப் பார்ப்பார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, மணல்மேட்டில் இருந்த சவுக்கு மரங்களைக் கைகாட்டினார்.

“கட்டிக்கோங்க. மரம் நம்முதுதான். இன்னா, ஏழு மணிக்கு மேல கரையில இருந்தா கடலோர போலீசு வந்து பேஜாரு பண்ணும். அதுக்குள்ள முடிச்சிடுங்க.”

அதற்கு முன்னாலேயே போலீஸ்காரர் ஒருவர் வந்துவிட்டார். தயாளனின் உரிமத்தை முன்னும் பின்னும் திருப்பிப் படித்தார். மலேசியாக்காரி எதற்கு என்று கேட்டார். நான் கம்பி மட்டும்தான் கட்டுவேன், சாவியைத் தொட மாட்டேன் என்றேன். ஏழு மணி என்று அவரும் சொல்லிவிட்டுப் போனார்.

கம்பியை மேலே ஏற்றினேன். பதினாறு தரைக்கம்பிகளை மணலில் விரித்தேன். கடலுக்குள் கொண்டுபோய் முனைகளைப் போடலாம் என்றால் அலை விடவில்லை. போட்ட கம்பியை ஒவ்வொரு தடவையும் திருப்பி என் காலடியில் கொண்டுவந்து போட்டது. சரி, ஈர மணலுக்கு முன்னாலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மீட்டரை வைத்துப் பார்த்தால் மின்தடை ஐம்பது ஓம் காட்டியது. கேபிளுக்கு வேண்டியது அதே ஐம்பதுதான். இவ்வளவு அழகாகப் பொருந்தி நான் பார்த்ததில்லை. தயாளனைக் கூப்பிட்டுக் காட்டினேன், ஒன்றுக்கு இரண்டு தடவை.

ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் மிக்ஸி இல்லை. எங்கோ இடி முறிகிற சத்தம் மட்டும், அதன் அடியில் மெல்லிசாக என் அண்ணனின் தட்டல். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தயாளன் பதில் கொடுத்தார், திரும்பத் திரும்பக் கொடுத்தார். அண்ணன் கேட்டதாகவே தெரியவில்லை. கடைசியில் செய்தி வந்தது: ஏதோ இருக்கிறது, எழுத்து பிரியவில்லை.

“தரைக்கம்பி பத்தலை” என்று தீர்ப்புச் சொன்னேன். “பதினாறு போதாது. நாற்பத்தெட்டு ஆக்கணும்.” விரித்ததை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினோம். நாளைக்கு மறுபடி விரிப்பானேன்.

வெள்ளிக்கிழமை. செங்கல்பட்டுச் சந்தையில் ஒரு மின்சாமான் கடை. கடைக்காரர் எவ்வளவு வேண்டும் என்று கேட்டு, நான் சொன்னதும் நிமிர்ந்தார்.

“வூடு கட்டறீங்களா?”

“இல்ல, ரேடியோவுக்கு.”

“ரேடியோக்கு இம்மாங் கம்பியா? என் ரேடியோ செல்லுலயே கீதும்மா.” பக்கத்தில் நின்றவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அளந்தார். கொளவாய் ஏரிப் பக்கத்திலிருந்து நல்ல காற்று வந்தது. தயாளன் கரும்புச்சாறு வாங்கித் தந்தார். இஞ்சியும் எலுமிச்சையும் நசுக்கிப் போட்டது. எங்கள் ஊரிலும் கரும்புச்சாறு உண்டு, ஆனால் ஐஸ்கட்டியில் மூழ்கடித்துவிடுவார்கள்.

பேருந்து வழியில் பஞ்சராகிக் குப்பத்துக்குப் போய்ச் சேர நான்கு மணி ஆகிவிட்டது. மணல்மேடு துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஒரு தரைக்கம்பியைக் காணோம்.

திருடு போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன். ஏழுமலையின் படகு மூக்கில் பதினாறு கம்பிகளும் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஒரே அளவு வட்டமாகச் சுருட்டி, நடுவில் ஒரு கட்டுப்போட்டு, வரிசையாக. முப்பது வருட வேலையில் இவ்வளவு ஒழுங்காகச் சுருட்டிய கம்பியை நான் பார்த்ததில்லை.

“மணல்லயே வுட்டுட்டு பூட்டீங்களேக்கா” என்றார் ஏழுமலை. “காலையில பெரிய வலை இழுக்கறப்ப பாத்தேன். வலையும் மாட்டிக்கும், கால்லயும் மாட்டிக்கும். இங்க கவுறு கெடந்தா யாருதுன்னு பாக்க மாட்டோம், சுருட்டி மாட்டிடுவோம். உரியவன் வந்து எடுத்துப்பான். நம்மாளுங்க பொருளாச்சேன்னு நானே ஒரு மணி நேரம் ஒக்காந்து சுருட்டனேன்.”

அவர் முகத்தில் நன்றியை எதிர்பார்க்கிற ஒரு சின்ன வெளிச்சம். என் நாக்கில் வந்து நின்ற சொல்லை விழுங்கிவிட்டு, “ரொம்ப நல்லா சுருட்டியிருக்கீங்க தம்பி” என்றேன். அது பொய்யில்லை. ஆனால் நாற்பத்தெட்டுக் கம்பியை விரிக்க மூன்று மணி நேரம் வேண்டும், இருட்ட இரண்டு மணி நேரம்தான் இருந்தது. விரித்தாலும் நாளைக் காலை யாராவது சுருட்டத்தான் போகிறார்கள். தயாளன் மணலில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமை அந்தி எங்கள் கண் முன்னால் சும்மா போயிற்று.

ஏழுமலை டீ வரவழைத்தார். “இந்தக் கம்பி இன்னாத்துக்கு?” என்றார்.

சுருக்கமாகச் சொன்னேன். மேலே போகிற கம்பிக்குக் கீழே நல்ல தரை வேண்டும். தரை சரியில்லை என்றால் பாதிச் சக்தியை மண் தின்றுவிடும். உப்புத்தண்ணீர்தான் எல்லாவற்றையும்விட நல்ல தரை.

“தண்ணிதான் வேணும்னா அப்ப ஏன் மணல்ல போட்டீங்க?”

மேட்டு மணலை ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். பொலபொலவென்று உதிர்ந்தது, ஈரமே இல்லை. ஈப்போவில் எந்த இடத்தில் கம்பியை அடித்தாலும் சேறு. அந்தப் பழக்கத்தில், கடலுக்குப் பக்கம் என்றாலே கடல்தான் என்று நினைத்துவிட்டேன். நான் கொண்டாடிய ஐம்பது ஓமும் அப்போதுதான் உறைத்தது. அந்தக் கம்பி இருபதுக்குப் பக்கம்தான் காட்ட வேண்டும். மீதி முப்பதும் மணலின் பசி. பெருமையோடு அதைத்தான் தயாளனுக்கு இரண்டு தடவை காட்டியிருக்கிறேன். அவரிடமே சொன்னேன். “வுடுங்கக்கா, என் வளையத்துக்கு இது எவ்வளவோ தேவல” என்றார். அவர் நல்லவர்.

“அலை கம்பிய நிக்க வுடாது” என்றார் ஏழுமலை. “ரோட்டுக்கு அந்தாண்ட வாங்க. உப்பங்கழி கீது. அதுவும் கடல் தண்ணிதான், அசையாம நிக்கும்.”

சனிக்கிழமை. சாலைக்கு மேற்கே உப்பங்கழி தகடாகக் கிடந்தது. கரையில் ஒரு பனைமரம், இருபத்தைந்து மீட்டர் தள்ளி இன்னொன்று. எனக்காகவே நட்டு வைத்தது மாதிரி. ஏறலாம் என்று புடவையைச் செருகினேன். ஏழுமலை என்னைத் தடுத்துவிட்டு, வலையில் கட்டும் ஈயக்குண்டு ஒன்றை நைலான் கயிற்றில் முடிந்து ஒரே வீச்சில் மட்டைகளுக்கு நடுவே அந்தப் பக்கம் போட்டார். பத்து நிமிடத்தில் கம்பி மேலே இருந்தது.

தரைக்கம்பிதான் தகராறு. கரையிலிருந்து தண்ணீருக்குள் தள்ளினால் எல்லாம் ஒரே பக்கமாகக் கூடிக்கொண்டது. இறங்கி விரிக்கலாம் என்றால் முட்டிவரை சேறு. நான் கம்பிகளை விரல் விரலாக விரித்து, இந்த மாதிரி நாலாபக்கமும் போக வேண்டும் என்று ஏழுமலைக்குக் காட்டினேன்.

அவர் என் கையையே பார்த்தார். வீட்டுக்குப் போய் வீச்சு வலையோடு வந்தார். வட்டமாக விரிகிற வலை, ஓரம் முழுக்க ஈயக்குண்டு, நடுவில் பிடிகயிறு.

“இதுல கட்டுங்க. நடுவுலேர்ந்து ஓரம் வரைக்கும். நான் வீசறேன்.”

முப்பது வருடத்தில் யாரும் எனக்கு இப்படி ஒரு யோசனை சொன்னதில்லை. உப்புத்தண்ணீரில் நீளக் கம்பியே தேவையில்லை, வலையின் ஓரம் வரை போனால் போதும். எட்டுத் துண்டு வெட்டி, வலையின் நடுவிலிருந்து ஈயக்குண்டு வரை கட்டினோம். முதல் வீச்சில் வலை மூட்டையாக விழுந்தது. இரண்டாவதும் அப்படியே.

“கம்பி வெறச்சிக்கினு கீது. வலைகூட சேந்து வரமாட்டேங்குது. நூல் மாதிரி வேணும்.”

நூல் மாதிரிக் கம்பிக்கு எங்கே போவது. செங்கல்பட்டு போய்வர நேரம் இல்லை. தயாளன் தன் பையைக் கவிழ்த்தார். ஒலிபெருக்கிக்காக வைத்திருந்த மெல்லிய இரட்டை ஒயர் ஒரு கட்டு இருந்தது. அதைப் பிரித்து எட்டாக்கினோம். பழையதை அவிழ்த்துப் புதியதைக் கட்டி முடிக்க ஐந்து மணி ஆனது. என் விரல்களில் ரத்தம்.

மூன்றாவது தடவை ஏழுமலை வலையைத் தோளில் ஏற்றி, இடுப்பைத் திருப்பி வீசினார். தண்ணீருக்கு மேல் அது முழு வட்டமாக விரிந்து, எட்டுக் கம்பியும் எட்டுத் திசையில் நீண்டு, பொத்தென்று விழுந்து அமிழ்ந்தது. கரையில் நின்ற இரண்டு பேர் கைதட்டினார்கள். பிடிகயிற்றோடு வந்த கம்பியை ஆண்டெனாவின் காலில் இணைத்து மீட்டரைப் பார்த்தேன். இருபத்தொன்று. இந்தத் தடவை யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை. பொருத்துகிற பெட்டியை நடுவில் வைத்து, ஐம்பதாக்கி, தயாளனிடம் விட்டுவிட்டேன்.

எஸ்தர் டிபன் பாத்திரத்தோடு வந்து சேர்ந்தார். சூரியன் உப்பங்கழிக்கு அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. தயாளன் தட்டத் தொடங்கினார். தட்டுவார், நிறுத்துவார், கேட்பார். இடிச் சத்தம் மட்டும் வந்தது. ஆறு பத்து. ஆறு இருபது. ஏழு மணிக்கு எல்லாவற்றையும் இறக்கியாக வேண்டும். அவசரத்தில் அவர் தட்டிய எழுத்துகள் தடுக்கி விழுந்தன. ஈப்போவில் அந்த நேரம் அண்ணன், பெட்டிகள் கட்டி முடித்த வீட்டில், ஒரு நாற்காலியையும் ரேடியோவையும் மட்டும் கட்டாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்கும் மோர்ஸ் தெரியும், ஆனால் இரைச்சலைத் தவிர ஒன்றும் பிடிபடவில்லை.

“தோ, கூப்புடறாரு” என்றார் எஸ்தர்.

தயாளன் திரும்பிப் பார்த்தார். எஸ்தருக்கு மோர்ஸில் ஓர் எழுத்து தெரியாது.

“உன் பேருதான அது? பதினஞ்சு வருசமா செவுத்துக்கு அந்தாண்டேர்ந்து கேட்டுகினு கீறேன். எனக்குத் தெரியாதா?”

ஆமாம். இரைச்சலுக்கு அடியில் தயாளனின் நிலையப் பெயரை அண்ணன் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தார். எஸ்தர் சொன்ன பிறகு எங்களுக்கும் கேட்டது. தயாளன் சாவியைப் பிடித்தார். இந்தத் தடவை எழுத்துகள் தடுக்கவில்லை. சத்தத்தின் அளவைக் கொடுத்தார். அண்ணன் தன் அளவைக் கொடுத்தார், ஐந்து ஐந்து ஒன்பது; அதாவது தெளிவு முழுசு, வலு நடுத்தரம், அவர் ஒருபோதும் கூட்டிச் சொல்ல மாட்டார். கிடைத்தது, நன்றி. கிடைத்தது, நன்றி. அவ்வளவுதான், இரண்டு நிமிடம்கூட இல்லை. பத்தும் நிறைந்துவிட்டது. தயாளன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் அழுதேன், மறைக்கவில்லை.

ஆனால் அண்ணன் போகவில்லை. மறுபடியும் தட்டினார்: ஆண்டெனா என்ன?

தயாளன் என்னைப் பார்த்தார். நான் ஏழுமலையைப் பார்த்தேன். “உள்ளதச் சொல்லுங்க” என்றேன். பனைமரம், கம்பி, மீன் வலை என்று தட்டினார்.

கொஞ்ச நேரம் வெறும் இடி. பிறகு ஒரு கேள்விக்குறி.

மீன் வலை என்று திரும்பத் தட்டினார். மறுபடி கேள்விக்குறி. மூன்றாவது தடவை எழுத்து எழுத்தாக, நிதானமாகத் தட்டினார். அப்புறம் வந்தது, நான்கு புள்ளி இரண்டு புள்ளி, நான்கு புள்ளி இரண்டு புள்ளி. ரேடியோக்காரர்கள் சிரிப்பதை அப்படித்தான் தட்டுவார்கள். அறுபத்தெட்டு வயது மனிதர், காலி வீட்டில் உட்கார்ந்துகொண்டு, விடாமல் சிரித்துக்கொண்டிருந்தார். “இன்னா சொல்றாரு?” என்று ஏழுமலை கேட்டார். சிரிக்கிறார் என்றேன். அவரும் சிரித்தார்.

ஏழு மணிக்குள் வலையை இழுத்தார்கள். எட்டுக் கம்பியோடு நான்கு மடவை மீனும் ஒரு நண்டும் வந்தன. எஸ்தர் முந்தானையில் வாங்கிக்கொண்டார். கம்பிகளை ஏழுமலை அவிழ்த்து, ஒவ்வொன்றாகச் சுருட்டிக் கட்டிக் கொடுத்தார். அந்தக் கட்டுப் போடுவதை எனக்கும் சொல்லிக் கொடுத்தார். இரண்டு சுற்று, நடுவில் நுழைத்து, ஒரு இழுப்பு. ராத்திரி அண்ணனிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். வலையைப் பற்றிச் சொன்னதைவிட, மணலில் கிடந்த கம்பியைச் சுருட்டி மாட்டிவைத்த கதையைத்தான் அவர் அதிகம் விசாரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எஸ்தர் வைத்த மீன் குழம்பில் நான் இட்லியை நனைத்துக்கொண்டிருந்தபோது ஒரு படம் வந்தது. ஈப்போ வீட்டு வாசல் கேட். முப்பது வருடத்துக்கு முன் இரண்டு டுரியான் மரத்துக்கு நடுவே நான் ஏறிக் கட்டிய நீளக் கம்பியை அண்ணன் இறக்கிவிட்டார். வெட்டிப் போடவில்லை. வட்டமாகச் சுருட்டி, நடுவில் கட்டி, புதிதாக வருகிறவர்களின் கண்ணில் படும்படி கேட் கம்பியில் மாட்டியிருந்தார். கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: உரியவன் வந்து எடுத்துக்கொள்ளட்டும்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டு தப்பு. ஒரு சுற்றுதான் சுற்றியிருக்கிறார். நான் பக்கத்தில் இல்லாமல் அவருக்கு ஒரு கம்பிகூடக் கட்டத் தெரியாது.